வெள்ளருகு இலைக்குக் காம்பு கிடையாது, மாமு

என் ஆசை மாமு தேசிங்குக்கு,

ஆசை என்று எழுதிவிட்டேனே தவிர, இப்போது உன்மேல் இருப்பதெல்லாம் ஆத்திரம்தான். செத்தவனோடு சண்டை போடக் கூடாது என்று எங்கள் வீட்டில் சொல்கிறார்கள். போடாமல் என்ன செய்ய? உயிரோடு இருந்தபோது நீ என்னை முழுசாக ஒரு பேச்சு பேச விட்டாயா? வாயைத் திறந்தாலே, "பீலா வுடாத மாமு, டீ ஆறிடப் போவுது" என்று முடித்துவிடுவாய். இனி குறுக்கே பேச உன்னால் முடியாது. கடைசி வரி வரைக்கும் கேட்டுத்தான் தீர வேண்டும்.

நீ போய் ஒரு வருஷம் முடிந்தது. எம்.கே.பி. நகர் ஹவுசிங் போர்டில் உங்கள் பிளாக் வாசலில் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி என்று ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். முதல் மாடி ஜன்னலை மறைக்கிற உயரம். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு டிரெய்லர் லாரிக் கதவில் கையை ஊன்றி நிற்பாயே, அந்தப் படம். பின்னால் மேகம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மூலையில் ஒரு புறா. கீழே உன்னோடு வண்டி ஓட்டியவர்களின் முகங்கள் வட்டம் வட்டமாக. அதுவரைக்கும் சரி. அதற்கும் கீழே பார்த்தபோதுதான் எனக்குத் தலை சுற்றியது.

"சர்க்கரையை விரட்டும் வெள்ளருகு! அண்ணன் காட்டிய ஆறு அடையாளங்கள்" என்று சிவப்பு எழுத்தில் தலைப்பு. நம்பர் போட்டு ஆறு வரி. கடைசியில், "தகவல் உதவி: புரொபசர் அந்தோணி".

யாருடா புரொபசர்? இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான் ராயபுரத்துக்காரன். ஒரு காலேஜில், தாவரவியல் பிரிவில் லேப் அட்டெண்டர். மைக்ராஸ்கோப் துடைப்பேன், கண்ணாடித் தகடு கழுவுவேன், பிராக்டிகல் பரீட்சைக்குச் செடி பறித்து வந்து வைப்பேன். காய்ந்த செடிகளை ஒட்டிய அட்டைகள் இருக்கிற பீரோவின் சாவி என்னிடம் இருக்கிறது. அவ்வளவுதான் என் பதவி. பாடம் நடத்தும்போது கதவோரம் நின்று கேட்டது, அட்டைகளில் எழுதியிருப்பதைப் படித்தது, இதுதான் என் படிப்பு. தேசிங்கு என்னை மற்ற டிரைவர்களிடம் "காலேஜ்காரரு" என்றான். பிறகு "புரொபசரு" ஆக்கினான். நான் மறுத்தேனா? சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

உனக்குச் செடிப் பைத்தியம் பிடித்த கதையையும் இவர்களுக்குச் சொல்ல வேண்டும். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் எண்ணூர் ரோட்டில் மணிக்கணக்காக வரிசையில் நிற்கும். மற்ற டிரைவர்கள் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துத் தூங்குவார்கள், சீட்டு ஆடுவார்கள். உனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியாது. இறங்கி ரோட்டோர மணலில் நடப்பாய். கண்ணில் பட்டதைக் கிள்ளி வாயில் போடுவாய். அப்படி ஒருநாள் காலேஜ் பின்வாசலுக்கு வந்து, லுங்கி மடிப்பிலிருந்து ஒரு செடியை எடுத்து நீட்டினாய்.

"இன்னா செடி மாமு இது? நாக்குல வச்சேன், காதுலேந்து பொக வருது!"

அது வெள்ளருகு. முழங்கால் உயரம்கூட வராத செடி. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த குஷியை நீ மறந்திருக்க மாட்டாய். ஜென்ஷியன் என்று ஒரு குடும்பம் இருக்கிறது, அதில் பாதிப் பேர் குளிர்ந்த மலையில் நீலமாகப் பூத்துக்கொண்டு ராஜா மாதிரி இருப்பவர்கள், அந்தக் குடும்பத்தில் ஒருத்தன் மட்டும் இந்த உப்புக் காற்றிலும் சாம்பல் தூசியிலும் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று சொன்னேன். நீ செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "நம்மாளு மாமு இவன்" என்றாய்.

அன்றைக்கு உன்னைப் படிக்கட்டில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். கணுவுக்கு இரண்டு இலை, எதிரெதிராக. இலைக்குக் காம்பே இல்லை, தண்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அடியிலிருந்து நுனிவரை மூன்று நரம்பு நீளமாக ஓடும். கணுவைச் சுற்றிக் குட்டிக் குட்டியாக வெள்ளைப் பூ, அதற்கும் காம்பில்லை. இதழ் ஐந்தும் அடியில் சேர்ந்து ஒரு குழாய். மொட்டாக இருக்கும்போது அந்த இதழ்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் திருகிக்கொண்டிருக்கும். மகரந்தத் தாள் ஐந்தும் குழாயின் உள்சுவரில் ஒட்டியிருக்கும். பிளேடால் சூற்பையைக் குறுக்கே சீவி லென்ஸைக் கொடுத்தேன். உள்ளே ஒரே அறை. நடுவில் தடுப்பு இல்லை. விதையாகப் போகிறதெல்லாம் சுவரோரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

நீ லென்ஸைவிட்டுக் கண்ணை எடுக்காமலே கத்தினாய். "அடப்பாவி, ஒரே ரூமு வூடு மாமு! நம்ம பிளாக்கு மாதிரியே கீது. அல்லாரும் செவுத்தோரமா படுத்துகினு கீறாங்க பாரு!"

எத்தனையோ பிள்ளைகள் அந்த லேபில் படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சுவர் சூல் ஒட்டுமுறை என்று எழுதி மார்க் வாங்குவார்கள். உன்னை மாதிரி ஒருத்தரும் அதைப் பார்த்துச் சிரித்ததில்லை. அதனால்தான் உனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். என் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

உனக்குச் சர்க்கரை வந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் போட்டாய். பிறகு யாரோ வெள்ளருகு சர்க்கரைக்கு நல்லது என்று சொல்ல, உனக்குக் கேட்கவா வேண்டும்? கஷாயம் வைத்தாய். மாத்திரையை நிறுத்தினாய். நான் எத்தனை முறை கெஞ்சியிருப்பேன்! கஷாயம் குடிப்பதென்றால் குடி, மாத்திரையை விடாதே, டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடி என்று. "அந்த கஸ்மாலம் மாத்திரைய போட்டா ஒடம்பு வெலவெலன்னு ஆவுது மாமு. இது நம்மாளு" என்றாய். செடியில் என்னடா நம்மாளு? அது யாருக்காகவும் கசக்கவில்லை. அதன் குடும்பத்து ரத்தம் அப்படி, தன்னை ஆடு மாடு தின்னாமல் இருக்க அது கசக்கிறது.

நீ குடித்ததோடு விட்டாயா? ஞாயிற்றுக்கிழமை காலையில் பிளாக் வாசலில் அண்டா வைத்துக் காய்ச்சி, கேட்டவர்களுக்கெல்லாம் ஊற்ற ஆரம்பித்தாய். முதல் டம்ளரை எல்லார் எதிரிலும் நீயே குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, "அடுத்தது யாரு?" என்பாய். உன் கூட்டாளி பாபு, அவனும் டிரெய்லர் ஓட்டுகிறவன், செடி பறித்து வர உதவிக்கு வந்தான். அவனுக்குச் செடியை அடையாளம் தெரிய வேண்டும், எழுதிக் கொடு என்று என்னிடம் வந்து நின்றாய். துறைமுக கேட்டில் கொடுத்த ஒரு துண்டுச் சீட்டின் முதுகுப் பக்கத்தை நீட்டினாய்.

நான் என்ன எழுதினேன் தெரியுமா? ஃபிளெக்ஸில் இப்போது எழுதியிருப்பதைத்தான். எதிரெதிர் இலை. இலையடிச் செதில் இல்லை. ஐந்து இதழ் சேர்ந்த குழாய். மொட்டில் திருகு. குழாயில் ஒட்டிய ஐந்து தாள். கசப்பு. ஆறு எழுதியதும் சீட்டில் இடம் முடிந்தது. இலைக்குக் காம்பில்லை என்பதை எழுதவில்லை. மூன்று நரம்பை எழுதவில்லை. கணுவைச் சுற்றிய கொத்துப் பூவை எழுதவில்லை. ஒரே அறையையும் எழுதவில்லை. வாத்தியார்கள் போர்டில் எழுதுகிற வரிசையில், பெரிய பெரிய வார்த்தைகளை முதலில் எழுதி எனக்கு அறிவு இருக்கிறது என்று காட்டிக்கொண்டேன். பார்த்தவுடனே தெரிகிற எளிய அடையாளங்களுக்கு இடமில்லாமல் போயிற்று. மிச்சத்தை அப்புறம் தருகிறேன் என்றேன். நீயும் கேட்கவில்லை, நானும் தரவில்லை.

அப்புறம் நீயே இல்லாமல் போனாய். பட்டப்பகலில், அதே எண்ணூர் ரோட்டு வரிசையில். முன்னால் நின்ற வண்டி நகர்ந்தும் உன் வண்டி நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்து, திட்டி, கடைசியில் பாபு இறங்கி வந்து கதவைத் திறந்தான். ஸ்டியரிங் மேலே தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாயாம். மாரடைப்பு, சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்ததால் வலிகூடத் தெரியாமல் போயிருக்கும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். பிளாக்கில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? வெள்ளருகு குடித்ததால்தான் நீ அத்தனை நாள் இருந்தாயாம்!

சரி, இப்போது நடந்ததற்கு வருகிறேன்.

போன ஞாயிறு உன் திவசம். காலையிலேயே போனேன். உன் படத்துக்கு எதிரே படையல். பிரியாணி, வறுத்த வஞ்சிரம், நீ குடிக்கிற பிராண்ட் சிகரெட் ஒன்று, நடுவில் ஒரு டம்ளர் கஷாயம். வெளியே, நீ போன பிறகும் பாபு வாராவாரம் வைக்கிற அண்டா கொதிக்கிறது. ஜனங்கள் டம்ளர், சொம்பு, பாட்டில் எல்லாம் எடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். நீ இல்லாததால் முதல் டம்ளரைக் குடிக்கிற வேலை சாந்தியுடையது. உன் பெண்டாட்டி எல்லார் எதிரிலும் நின்று கண்ணை மூடிக்கொண்டு அதைக் குடித்தாள். குடித்துவிட்டு நொண்டிக்கொண்டே உள்ளே போனாள்.

அவள் காலைப் பற்றி உனக்குத் தெரியாது. நீ போன பிறகு அவளுக்கும் சர்க்கரை இருப்பது தெரிந்தது. கட்டைவிரலில் செருப்புக் கடித்த புண். மாதக்கணக்காக ஆறவில்லை. இன்சுலின் ஊசி போட்டுத்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் விரலோடு நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாட்டேன் என்கிறாள். நான் போய்க் கேட்டால், "பாத்துக்கலாம்ண்ணா" என்கிறாள். எனக்கு உடன்பிறந்த தங்கச்சி இல்லை. அவள் உன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாள். அந்தக் கால் போய்விடக் கூடாது. இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

சாந்தி உள்ளே போனதும் அண்டாவை எட்டிப் பார்த்தேன். கரண்டியில் ஒரு இலை ஏறி வந்தது. வெந்து போனாலும் இலை இலைதானே? அகலமான இலை. நுனி மழுங்கி. நடுவில் ஒரே நரம்பு, அதிலிருந்து இரண்டு பக்கமும் கிளை நரம்புகள். அடியில் தெளிவாக ஒரு காம்பு. அது வெள்ளருகு இல்லை மாமு. நித்யகல்யாணி. நம் ஜனங்கள் சுடுகாட்டு மல்லி என்கிறார்களே, அது.

அதற்கும் வெள்ளருகுக்கும் தூரத்து உறவு உண்டு. அதற்கும் எதிரெதிர் இலை, அதற்கும் குழாய்ப் பூ, அதற்கும் மொட்டில் திருகு, அதுவும் கசக்கும். ஆனால் அதன் குடும்பம் வேறு. புற்றுநோய்க்கு ஊசி மருந்து செய்கிற அளவுக்கு வீரியம் உள்ள செடி. அண்டாவில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு காய்ச்சிக் குடிக்கிற சமாச்சாரமா அது? வாந்தி வரும், ரத்தத்தைக் கெடுக்கும்.

பாபுவைத் தனியாக மாடிப்படி ஓரம் இழுத்துக்கொண்டு போனேன். "இது என்ன செடிடா?" என்று கேட்டேன்.

"இன்னா புரொபசரு, நீயே கேக்கற?" என்று செல்போனை எடுத்து ஃபிளெக்ஸ் படத்தைக் காட்டினான். "எல எதுத்தாப்ல கீதா? கீது. அஞ்சு எதயு ஒண்ணா சேந்துகினு கீதா? கீது. மொட்டு திருகிகினு கீதா? கீது. கசக்குதா? மெய்யாலுமே கசக்குது. நீ எய்தின ஆறும் கரீட்டா கீது. அப்பால இன்னா பேஜாரு ஒனக்கு?"

நான் எழுதிய ஆறையும் வைத்து என்னையே மடக்குகிறான். ஆறும் பொருந்துகிறது. ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. அப்படிப்பட்ட லிஸ்ட்டை எழுதிய கையை என்ன செய்வது?

"எங்கே பறிச்சே?"

"மூலக்கொத்தளம் சுடுகாடு. அண்ணன் காட்ன எடந்தான். சமாதிங்க நடுவுல சோக்கா மொளச்சி கீது."

அண்ணன் காட்டிய இடமா? எனக்கு அப்போதும் உன்மேல் சந்தேகம் வரவில்லை, பார். லிஸ்ட்டை நம்பி நீயும் ஏமாந்துவிட்டாய், எல்லாம் என்னால்தான் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தேன். ஒரு அம்மா டம்ளரை நீட்டிக்கொண்டு நிற்கிறார். யோசிக்கவே நேரமில்லை. "ஐயோ, பல்லி விழுந்துடுச்சு!" என்று கத்தி, அண்டாவைக் காலால் தள்ளிச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டேன். கொதிக்கிற கஷாயம் தெறித்துக் கால் கொப்புளித்துவிட்டது. "அய்யே, பல்லியா? கலீஜு!" என்று எல்லாரும் தள்ளி நின்றார்கள். "சரி, அடுத்த ஞாயித்துக்கெயமை வர்றோம்" என்று கலைந்து போனார்கள். அந்தப் பல்லி ஒரு வாரத்துக்குத்தான் தாங்கும்.

உள்ளே போய்ச் சாந்தியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். என் தப்பு, என் லிஸ்ட், என் திமிர் என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவள் காலை ஒரு முக்காலியில் நீட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள்.

"குந்துண்ணா. கத்தாத, பிளாக்கு ஃபுல்லா கேக்கும்" என்றாள். "உன் சீட்டுல ஒண்ணுமில்ல. அவருக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"இது அது இல்லன்னு தெரியும். எண்ணூர்ல அந்தச் செடி இருந்த எடத்துல கிராவல் கொட்டி மேடாக்கி, கன்டெய்னர் அடுக்கிட்டாங்கல்ல? அதுக்கப்பறம் மணலிப் பக்கம், திருவொத்தியூர் பக்கம்னு எங்கெங்கயோ தேடினாரு. கெடைக்கல. ஞாயித்துக்கெயமை ஆனா ஜனம் வந்து நிக்குது. இல்லன்னு சொல்ல அவருக்கு வாய் வர்ல. ஒருநாளு இத்த மூலக்கொத்தளத்துலேந்து எட்த்தாந்து, இங்கதான் குந்திகினு பிளேடால கீறினாரு. பூவு அடியில கீதே, அந்தக் குட்டி உருண்ட, அத்த. கீறிப் பாத்துட்டு என்னைக் கூப்ட்டாரு. 'இது ரெண்டு வூடு சாந்தி. தனித்தனியா கீது, மேல மொட்ட மாடி மட்டுந்தான் ஒண்ணு. நம்மாளுது ஒரே வூடு. இது அது இல்ல'ன்னாரு."

மறுபடியும் ஒருமுறை சொல்லச் சொன்னேன்.

இரண்டு சூற்பை, அடியில் தனித்தனி, மேலே சூல்தண்டு மட்டும் ஒன்று. நித்யகல்யாணிக் குடும்பத்தின் அச்சு அசலான அடையாளம். அதை யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லை. நானும் சொல்லவில்லை. நீயே கீறி, நீயே பார்த்து, நீயே கண்டுபிடித்திருக்கிறாய். காலேஜில் படித்தவர்கள்கூடத் தடுமாறுகிற இடம் அது. உன்னைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, செவிளில் ஒன்று விட வேண்டும் போலவும் இருந்தது. கண்டுபிடித்தவன் அண்டாவைக் கவிழ்த்திருக்க வேண்டாமா? பாபுவைக் கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்தைக் காட்டியிருக்கிறாயே, பாவி! உனக்கு மனசு எப்படி வந்தது?

என்னிடம் ஏன் வரவில்லை என்று சாந்தியிடம் கேட்டேன். "அந்தோணி கையில மட்டும் சொல்லிடாத, மூஞ்சியத் தூக்கி வச்சிக்குவான்" என்றாயாமே? வைத்துக்கொள்ளாமல்? இத்தனை வருஷத்தில் என் மூஞ்சிக்கு நீ பயந்தது அந்த ஒரே தடவைதான். அப்போது பார்த்துத்தானா பயப்பட வேண்டும்?

"சரி, இவ்வளவும் தெரிஞ்சு நீ ஏன் குடிக்கிற? ஊசி ஏன் போட்டுக்கல?" என்று அவளைக் கேட்டேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ கேட்க வேண்டும்.

"வாயில வச்சிகினு உள்ள வந்து துப்பிடறேண்ணா, பாதி உள்ள பூடுது. ஆனா ஊசி எப்டிண்ணா போட்டுக்கறது? சக்கரைக்கு மருந்து குட்த்த மனுசன் பொண்டாட்டியே ஊசி போட்டுகினா, ஊரு இன்னா பேசும்? வாசல்ல அவரு போட்டோ அத்தனாம் பெருசா கீது. அதுக்கு அடியில நான் ஐஸ் டப்பாவுல ஊசிய வச்சிகினு போறதா? அவருக்குன்னு வூடு கீதா, நெலம் கீதா? அந்தப் பேரு ஒண்ணுதான கீது. அத்த எப்டி நான் கெடுக்கறது?"

கேட்டாயா? உன் பெயருக்காகத் தன் காலைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு உன் ஃபிளெக்ஸைக் கிழித்தெறிய வேண்டும் போல இருந்தது. வெளியே வந்து நின்று பார்த்தேன். கூலிங் கிளாஸோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாய். உன்னைத் திட்டினேன். கேட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, நான் உன்னை நினைத்து அழுகிறேன் என்று எண்ணி, "வுடுங்க சார், நல்ல மனுசன்" என்றார். நல்ல மனுஷன்தான். அதுதானே பிரச்சினையே! கெட்டவனாக இருந்திருந்தால் ஒரே நாளில் முடித்திருப்பேன்.

இரண்டு நாள் யோசித்தேன். லீவு போட்டுவிட்டு யோசித்தேன். செடி கிடைக்கவில்லை என்று சொல்லி நிறுத்திவிடலாமா? பாபு அதுதான் மூலக்கொத்தளத்தில் மண்டிக் கிடக்கிறதே என்பான். வாராவாரம் ஒரு பல்லியை விழவைக்கலாமா? அப்படியே நிறுத்தினாலும் சாந்தி ஊசி போட்டுக்கொள்ள மாட்டாள். உன் பெயர் அந்த உயரத்தில் நிற்கிறவரைக்கும் அவளால் அதன் அடியில் நடந்து போக முடியாது. அதைக் கீழே இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்க என்னைவிட்டால் ஆள் இல்லை. ஏனென்றால் ஃபிளெக்ஸில் என் பெயரும் இருக்கிறது.

ஆகவே எல்லாரும் அறிய எழுதுகிறேன். வரும் ஞாயிறு காலையில், ஜனங்கள் டம்ளரோடு வந்து நிற்கும்போது, பிளாக் வாசலில் நின்று இதைச் சத்தமாகப் படிக்கப் போகிறேன். நான் புரொபசர் இல்லை, லேப் அட்டெண்டர். நான் எழுதிய லிஸ்ட் அரைகுறை. நீங்கள் குடித்தது வெள்ளருகு இல்லை. அது தேசிங்குக்குத் தெரியும். உண்மையான வெள்ளருகே கிடைத்தாலும் அது மாத்திரைக்கும் ஊசிக்கும் பதில் ஆகாது. தேசிங்கு செத்ததே மாத்திரையை விட்டதால்தான். குடித்தவர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன குடித்தோம் என்று செடி பெயரைச் சொல்லி ரத்தம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். யாராவது அடிக்க வந்தால் அடிக்கட்டும். பாபுதான் முதலில் வருவான்.

சாந்திக்குத் தெரியாமல் இதைச் செய்ய எனக்கு மனசில்லை. நேற்று சாயங்காலம் இதுவரைக்கும் எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். வேண்டாம் என்று காலில் விழுவாள், அழுவாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவள் அழவில்லை. விரலில் தளர்ந்திருந்த கட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"அல்லாத்தையும் எய்திட்ட. ஒண்ண வுட்டுட்டண்ணா" என்றாள்.

"என்ன?"

"அந்தச் செடிய ஜனத்துக்கு ஊத்தறதுக்கு மின்ன, ஒரு வாரம் அவரு மட்டும் தனியா குடிச்சிப் பாத்தாரு. டெய்லி வாந்தி. ஒரு வாரமும் வேலைக்குப் போவல. 'எனுக்கு ஆவாதது யாருக்கும் ஆவ வேணாம் சாந்தி, பாத்துட்டே ஊத்தறேன்'ன்னாரு. அப்பால உயிரு போவலியேன்னுட்டு, தண்ணிய நெறைய ஊத்தி, கொஞ்சமா காச்சினாரு. அத்தையும் எய்து. ஏமாத்துக்காரன்னு மட்டும் ஜனம் நெனைக்கக் கூடாது. அத்த எய்தினா, நான் ஊசி போட்டுக்கறேன்."

எழுதிவிட்டேன், மாமு. இதோ, இங்கேயே எழுதிவிட்டேன். உனக்கு மாத்திரை போட்டால் உடம்பு வெலவெலக்கிறது என்று நிறுத்தினாய். ஊராருக்காக ஒரு வாரம் விஷத்தைக் குடித்து வாந்தி எடுக்க மட்டும் அந்த உடம்பு ஆயிற்றா? அந்த ஒரு வாரத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள், ராயபுரம் வரைக்கும் வந்து என் கதவைத் தட்டியிருந்தால் ஆகாதா? மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாவது உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பேனே!

ஞாயிற்றுக்கிழமை இதைப் படிப்பேன். திங்கட்கிழமை காலையில் ஆட்டோ சொல்லியிருக்கிறேன். சாந்தியின் கையைப் பிடித்து, உன் படத்துக்கு எதிரே, எல்லாரும் பார்க்க நடத்திக் கூட்டிக்கொண்டு போவேன். திரும்பி வரும்போது அந்த ஐஸ் டப்பாவை நானே கையில் எடுத்துக்கொண்டு வருவேன். இது என் சத்தியம். அதற்காக உன் பேர் போகுமென்றால் போகட்டும். அவள் இரண்டு காலாலும் நடக்கட்டும்.

இத்தனை நாள் உன் தோஸ்தாக இருந்தேன், இனி
உன் பெண்டாட்டிக்கு அண்ணனாக மட்டும்,

அந்தோணி
லேப் அட்டெண்டர், ராயபுரம்